சத்தமில்லாத விசிறி

புது விசிறியை மாட்டி, சுவிட்சைப் போட்டு, அது சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது கண்ணாயிரத்துக்கு முதலில் கேட்டது சுவர்க் கடிகாரம். பதினோரு வருஷமாக அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதை அவன் மறந்தே போயிருந்தான். அடுத்து, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்துவது கேட்டது. அதற்கும் அப்பால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் டக், டக், டக் என்று அடிப்பது காற்று வாட்டத்துக்கு வந்து வந்து போனது. அட, இவ்வளவு சத்தம் இருக்கிறதா உலகத்தில் என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாளி ஒன்று கிணற்றில் போய் விழுந்து, சாய்ந்து, நிரம்புகிற சத்தம்.

அவன் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடியே நின்றான். கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. இந்த வளாகத்தில் கிணறு ஒன்றுதான் இருக்கிறது, கட்டடத்துக்குப் பின்னால், அவன் குடியிருக்கும் வீட்டுக்கும் இதற்கும் நடுவில். அந்தக் கிணறு பங்குனி மாதமே வற்றிவிட்டது. அதுவுமில்லாமல் அதன் வாயில் நான்கு பலகையைப் போட்டு, மேலே ஒரு அம்மிக் கல்லையும் தூக்கி வைத்தது அவனேதான்.

காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில், வேகவதி ஆற்றைத் தாண்டி, கம்பி வேலிக்குள் தன்னந்தனியாக நிற்கிற கட்டடம் அது. மெட்ராஸிலிருந்து மேற்கே போகும் டெலிபோன் ட்ரங்க் லைனில் பேச்சு தூரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்த குரலை வழியில் பிடித்து, வலுவேற்றி, மறுபடி அனுப்ப ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்கு மெக்கானிக் கண்ணாயிரம். ஊரார் குரலையெல்லாம் தூக்கிவிடுகிற வேலை. அவனோடு பேசத்தான் நாள் முழுக்க ஒரு ஆள் கிடையாது. மனைவி பூவம்மாள் இருந்தவரை அவள் பேசினாள். அவள் போய் இந்த வைகாசியோடு ஒரு வருஷம். பிள்ளை குட்டி இல்லை.

குரலைத் தூக்கிவிடும் வால்வுகள் நிறைந்த அலமாரிகளுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்க, மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு பவர் யூனிட் நிற்கும். அது சூட்டில் வெந்து போகாமலிருக்க அதன் முதுகில் ஒரு விசிறி. பழைய விசிறி அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, மாவு மில் மாதிரி இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு தரம் காலையில் பத்து நிமிஷம் நிறுத்தி எண்ணெய் விடுவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் அந்த அறைக்குள் ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குக் கேட்க வேண்டுமானால் காதோரம் வந்து கத்த வேண்டும்.

புது விசிறியை அன்று காலைதான் லைன்மேன் முனுசாமி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான்.

"இந்தாண்ணா. சத்தமே வராதாம். ஆபீசுல ஓட்டிக் காட்டுனாங்கோ, பக்கத்துல நின்னாக்கூட தெரியல."

"பழசே நல்லாத்தான ஓடிக்கினு இருக்குது" என்றான் கண்ணாயிரம்.

"இன்னாண்ணா நீ? அந்தச் சனியன் போட்ட கூச்சல்லதான அண்ணி கூப்ட்டது உன் காதுல வுழாம பூட்ச்சி? விசாரிக்க வந்த பெரியவரும் அப்படித்தான எழுதிக்கினு போனாரு? ஒரு வருசம் கழிச்சாவது அனுப்புனாங்களேன்னு நெனச்சுக்கோ."

அதற்குமேல் பேசினால் வாய் எங்கே போய் நிற்கும் என்று கண்ணாயிரத்துக்கே தெரியாது. பேட்டரிக்கு லோடை மாற்றி, மெயினை அணைத்து, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினான். கம்பளி போல அழுக்குப் படிந்த பழைய விசிறி கைக்கு வந்தது. புதியதை வைக்குமுன் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு ரப்பர் வாஷர் கொடுத்தான், அதிர்வும் இல்லாமலிருக்க. வேலை தெரிந்த கை. மனசு வேண்டாம் என்றாலும் கை ஒழுங்காகத்தான் செய்யும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியதற்குக் கையெழுத்து வாங்குவார்கள் என்பது இலாகா விதி. முனுசாமி அதைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அது போவதைக் கண்ணாயிரம் வேலி வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பதிலாகக் கூண்டில் ஏறி நின்ற விசிறி அது. ஒரு வருஷமாக ஊரே அதைத்தான் திட்டியது. உண்மை அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவன் காதில் விழுந்தது.

போன வைகாசி, இதே பன்னிரண்டு மணி. மாவு மில் இரைச்சலுக்கு நடுவில், எங்கேயோ தூரத்தில், அவன் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். "கண்ணாயிரோம்..." பெண் குரல். சற்று இழுத்து, அடியிலிருந்து வருகிற குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

பூவம்மாளாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கட்டின புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் அவள். ரேஷன் கார்டு எழுதுகிற இடத்தில் புருஷன் பேர் என்ன என்று கேட்டதற்கு, கண்ணைத் தொட்டுக் காட்டி, "அப்பால பத்து நூறும்மா" என்று சொல்லி, அந்த எழுத்தர் அம்மாளைக் கால் மணி நேரம் தவிக்க விட்டவள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் "ஏங்க" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் வைத்ததில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே பெண்பிள்ளை அவன் அம்மா. அவள் செத்து வெகுநாள் ஆயிற்று.

அந்த அம்மாதான் சின்ன வயதில் மண்டையில் குட்டிச் சொல்லி வைத்திருந்தாள். "உச்சியிலயும் அந்தியிலயும் யாரு பேர் சொல்லிக் கூப்ட்டாலும் வாயத் தொறக்காதடா. காத்து கருப்பு ரெண்டு தரந்தான் கூப்புடும். மூணாவது தரம் கூப்ட்டா மனுசங்க. அப்பத்தான் இன்னான்னு கேக்கணும்."

உச்சி வேளை. பெயர் சொல்லி. இரண்டு தரம். கண்ணாயிரம் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தான். வரவில்லை. தப்பித்தோம் என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வேலையைப் பார்த்தான். நாலு மணிக்குச் சாப்பிடப் போனபோது அடுப்பில் உலை வற்றி, பானை கருகியிருந்தது. கிணற்றில் அப்போது ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். தண்ணீர் சேந்தப் போய் விழுந்தவளை வெளியே தூக்கிப் போட்டபோது அவள் பத்து நகக்கண்ணிலும் பச்சைப் பாசி. உடனே போகவில்லை அவள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணும் கேக்கல சார். விசிறிச் சத்தம்" என்று விசாரணையில் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சாகிற நேரத்தில், வேறு வழியில்லாமல், பன்னிரண்டு வருஷம் காத்ததை உடைத்து என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தரத்துக்கு மூச்சு இல்லாமல் போயிருக்கும். நான் இங்கே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக இது ஒன்றைத்தான் அவன் விழுங்கிக்கொண்டிருந்தான்.

புது விசிறி மாட்டிய மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனான். பலகை இடுக்கு வழியாகக் கூழாங்கல் ஒன்றைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் டொக் என்று காய்ந்த மண்ணில் அடிக்கிற சத்தம். இன்னொன்று போட்டான். டொக். நிம்மதியாக வந்து வேலையில் உட்கார்ந்தான். பன்னிரண்டு அடித்தது. வாளி போய் விழுந்தது, சாய்ந்தது, நிரம்பியது. அதற்குப் பிறகு ஒரு புதுச் சத்தம். கல் சுவரில் எதையோ தேய்க்கிற மாதிரி. சர்ர், சர்ர். நின்று, மறுபடி சர்ர். நகம்.

அவன் வீட்டுக்குள் போகவில்லை. அன்று ராத்திரி பவர் யூனிட் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தான்.

மூன்றாம் நாள் பெயர் வந்தது. ஒரே ஒரு தரம். விசிறியின் மெல்லிய மூச்சுக்கு மேலே, தெளிவாக, அதே இழுப்போடு. அவன் கையிலிருந்த மல்டிமீட்டர் விழுந்து கண்ணாடி உடைந்தது. இரண்டாவது தரத்துக்காக ஒரு மணி வரை அசையாமல் நின்றான். வரவில்லை. அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போன் போட்டு, பழைய விசிறியையே திருப்பி அனுப்பச் சொல்ல முடியுமா என்று முனுசாமியைக் கேட்டான்.

"அது உடைச்சுப் பழைய இரும்புக்குப் பூட்ச்சிண்ணா. ஏன், புதுசு ஓடலியா?"

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

"அண்ணா, நீ அங்க ஒண்டியா இருக்கறது எனக்கு நல்லதாத் தோணல. மாத்தல் கேட்டு எழுதிப் போடேன்."

"போடறேன்பா" என்று வைத்துவிட்டான்.

நாலாம் நாள் பதினொன்றே முக்காலுக்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வைத்திருப்பது. அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்புதான். ஆனால் அன்று அவனுக்கு மனிதக் குரல் வேண்டியிருந்தது, யாருடையதானாலும் சரி. யாரோ ஒரு பட்டுக் கடைக்காரர் வேலூருக்குக் கத்திக்கொண்டிருந்தார். அரக்கு உடம்பு, மயில்கழுத்து பார்டர், முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது, பெண் வீட்டார் கழுத்தைப் பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒருவர், ஆகட்டும் ஆகட்டும் என்றார். கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கல்யாண வீட்டை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்தான். இருவரும் பேச்சை நிறுத்திய ஒரு நொடியில், வயருக்கு வெகு அடியிலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. வால்வுகள் அதைப் பிடித்தன. தூக்கின. வலுவேற்றின.

"கண்ணாயிரோம்..."

"யாரு சார் லைன்ல?" என்றார் பட்டுக் கடைக்காரர்.

அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். எறிந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்தவருக்கும் கேட்டிருக்கிறது.

அன்று ராத்திரி மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினான். எழுதிக் கிழித்தான். அவளை இந்தக் கிணற்றடியில் இப்படி விட்டுவிட்டு எங்கே போவது? போனால் இரண்டாவது தரமும் அவளைக் கைவிட்டவன் ஆவான். இத்தனை நாள் அழாதவன் அன்று வாய்விட்டு அழுதான். "இன்னா வேணும் உனக்கு? சொல்லேன், பூவு" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டான். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அமாவாசை.

அமாவாசைக்கு நெசவாளிகள் தறியில் உட்கார மாட்டார்கள். விடிந்ததிலிருந்தே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டுச் சத்தம் இல்லை. நாலு நாளாக அந்த டக் டக்கைத்தான் கையைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்று அதுவும் இல்லை. அணில் இல்லை. வெயில் வெள்ளையாகக் கொதித்தது. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. எங்கேயோ கற்பூரம் மாதிரி ஒரு வாசனை வந்து, வந்த வேகத்தில் பாசி நாற்றமாக மாறியது.

கடிகாரம் பன்னிரண்டு அடித்து முடித்தது.

வாளி விழவில்லை. நகம் தேய்க்கவில்லை.

"கண்ணாயிரோம்..."

பக்கத்தில். முன்னைவிடப் பக்கத்தில். அவன் அலமாரிக் கம்பியைப் பிடித்தான். அதே கம்பி. அதே இடம்.

"கண்ணாயிரோம்..."

இரண்டு.

அம்மாவின் குட்டு மண்டையில் விழுந்தது. பொறு. மூன்றாவது வரட்டும். பொறுடா.

போன தரம் பொறுத்தேனே!

காது கேட்கவில்லை என்று சொல்ல இன்றைக்கு விசிறிச் சத்தம் இல்லை. அவன் கம்பியை விட்டான். ஓடினான். வெயிலில் இறங்கி, கல் சுட, செருப்பில்லாமல் ஓடினான். வீட்டு அடுக்களைக் கதவைத் தள்ளி, ஆணியில் ஒரு வருஷமாகத் தொங்கின தாம்புக் கயிற்றை உருவிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். அம்மிக் கல்லைப் புரட்டினான். பலகைகளை இழுத்துப் போட்டான்.

"தோ வந்துட்டேன்! பூவு! கயிறு போடறேன், புடிச்சுக்கோ!"

கிணற்றுக்குள் இருட்டு. உச்சி வெயில் நேராக இறங்கவேண்டிய நேரம். அடி தெரியவில்லை. கயிற்றைப் போட்டான். அது போனது. போய்க்கொண்டே இருந்தது.

இறுகியது.

யாரோ பிடித்துவிட்டார்கள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காலைக் கைப்பிடிச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்தான். கனம். பூவம்மாள் ஒரு அரிசி மூட்டை கனம்கூட இருக்கமாட்டாள். இது மிகவும் கனம். தண்ணீர் குடித்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இழுத்தான். கைக்கு வந்த கயிறு ஈரமாக இருந்தது. காய்ந்த கிணற்றிலிருந்து சொட்டச் சொட்ட வந்தது. பாசி உள்ளங்கையில் வழுக்கியது.

இன்னும் நாலு முழம். மூன்று.

தலைமயிர் தெரிந்தது. கறுப்பாக, நனைந்து, முகத்தை முழுக்க மூடிக்கொண்டு.

இரண்டு முழம்.

"வந்துட்டேன் பூவு. இந்தத் தரம் வந்துட்டேன்."

கை ஒன்று எழும்பி, கிணற்று விளிம்பைப் பிடித்தது.

அப்போது மூன்றாவது தரம் கூப்பிட்டார்கள்.

கிணற்றிலிருந்து இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால். அடுக்களை வாசலிலிருந்து. பெயர் சொல்லி இல்லை.

"ஏங்க..."

அவன் கை கயிற்றில் அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷம் கேட்ட குரல். சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரல். பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க... நான் இங்கதான இருக்கறேன். யாரத் தூக்கறீங்க?"

அன்றைக்கும் இவள் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். "ஏங்க" என்றுதான், வேறெப்படி? பெயர் சொன்னது இவள் இல்லை. கிணற்றுக்குள் இவளோடு இருந்த ஏதோ ஒன்று. இவள் கூப்பிட்டது மட்டும்தான் விசிறிச் சத்தத்தில் உண்மையாகவே அவன் காதில் விழாமல் போயிருக்கிறது.

திரும்பி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. கயிற்றை விட்டான். கயிறு விழவில்லை.

விளிம்பைப் பிடித்திருந்த கை, விரல் விரலாக நகர்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. சில்லென்று இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டாவது கை. நனைந்த மயிருக்குள்ளிருந்து, வாய் இருக்கவேண்டிய இடத்திலிருந்து, அவன் அம்மா கூப்பிடுவது போல அன்பாக, மெதுவாக, அது அவன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.